ஏற்றத்தில் கொதிக்கும் கொரொல்லா: ஹெட் கேஸ்கட் போய்விட்டதா?

கொட்டகலை வாசி | ஞாயிறு, இரவு 8.40

வணக்கம். கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். கடந்த ஆண்டு 1994ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா கொரொல்லா ஒன்றை வாங்கினேன். ஏ.ஈ.100 வகை, 5ஏ-எஃப்.ஈ. பெற்றோல் என்ஜின். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய கார்களின் விலை எங்கே போய் நின்றது என்று உங்களுக்கே தெரியும். 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தார்கள். வரியைக் கேட்டதும் புதிய வாகன ஆசை தானாக அடங்கிவிட்டது. ஆகவே முப்பது வயதைத் தாண்டிய இந்தக் காரோடுதான் என் குடித்தனம்.

பிரச்சினை இதுதான். கொழும்பிலிருந்து திரும்பும்போது அவிசாவளை வரை ஒரு குறையும் இல்லை. கித்துல்கல தாண்டிக் கினிகத்தேனை ஏற்றம் தொடங்கியதும் வெப்பமானி முள் ஏறுகிறது. பாதி, பிறகு முக்கால். ஓரம் கட்டி பொனட்டைத் திறந்தால் பக்கத்துத் தண்ணீர்ப் போத்தலில் உலை கொதிப்பது போலச் சத்தம். அரை மணி நேரம் நின்று, தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளம்ப வேண்டியிருக்கிறது.

ரேடியேட்டரைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தாயிற்று. வாட்டர் பம்பும் மாற்றியாயிற்று. இரண்டுக்கும் 38,000 ரூபா. முள் அசரவில்லை. போன வாரம் கராஜில் எண்ணெய் மூடியைத் திறந்து காட்டினார்கள். உட்புறத்தில் வெண்ணெய் தடவியது போல வெள்ளைப் படிவு. "ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஒன்றரை இலட்சம் ஆகும்" என்றார்கள். என்ஜினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடுதான் அது.

வேறு விவரங்கள்: லீற்றருக்கு ஒன்பது கிலோமீற்றர்தான் கிடைக்கிறது. புகைப் பரிசோதனையில் முதல் தடவை தோற்றது. காலையில் வீட்டிலிருந்து அட்டன் வரை போனாலும் முள் அடியிலேயே படுத்துக் கிடக்கிறது, அதனால் சூடேறும் கோளாறு எப்போதும் இருப்பதில்லை. ஒன்றரை இலட்சத்தைக் கொடுக்கத்தான் வேண்டுமா?


வெள்ளவத்தைக்காரன் | ஞாயிறு, இரவு 9.05

எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது, அவ்வளவுதான். கேஸ்கட்டை மாற்றினாலும் ஹெட் வளைந்திருந்தால் மறுபடி போகும். கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு வந்து ஜப்பானிலிருந்து வந்த பழைய என்ஜின் ஒன்றை வாங்கிப் பூட்டிவிடுங்கள். ஒரே செலவு.


ஃபோர்மன் (ஓய்வு) | ஞாயிறு, இரவு 10.20

சேர், எதையும் கழற்ற விடாதீர்கள். முப்பத்து நான்கு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் என்ஜின்களோடு கிடந்தவன் சொல்கிறேன்.

முதலில் அந்த வெள்ளைப் படிவு. மார்கழி, தை மாதத்தில் நுவரெலியாச் சந்தையில் நிற்கும் கார்களின் எண்ணெய் மூடியை வரிசையாகத் திறந்து பார்த்தால், பாதிக் கார்களுக்கு மேல் கேஸ்கட் போனவை என்றுதான் தீர்ப்பு எழுத வேண்டியிருக்கும். என்ஜின் சரியாகச் சூடாகாமல் சின்னச் சின்ன ஓட்டமாக ஓடினால், உள்ளே எரிவதால் உண்டாகும் நீராவி வெளியேற வழியில்லாமல் குளிர்ந்த மூடியில் படிந்து எண்ணெயோடு குழைகிறது. ரேடியேட்டர் தண்ணீர் எண்ணெயில் கலந்தால் மூடி மட்டும் வெள்ளையாகாது. அளவுக்கம்பியை உருவினால் அதிலும் பால் தேநீர் நிறம் இருக்கும். அளவுக்கம்பியைப் பார்த்தீர்களா?

நாளைக் காலை, என்ஜின் ஆறிக் கிடக்கும்போது மட்டும், ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கை வைத்தால் முகம் வெந்துபோகும், மறக்க வேண்டாம். தண்ணீரில் இடைவிடாமல் குமிழி வருகிறதா பாருங்கள். பிறகு மூடியைப் பூட்டி, ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸைக் கையால் அமுக்குங்கள். என்ஜின் இன்னும் குளிராக இருக்கும்போதே அது கல் போல விறைத்திருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது. அப்போது கேஸ்கட் என்ற பேச்சை எடுக்கலாம். நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் கழுவிவிட்டது போல வெளுத்திருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது.

ரேடியேட்டர் மின்விசிறி சுற்றுகிறதா என்பதையும் எழுதுங்கள்.

காலையில் முள் அடியிலேயே கிடக்கிறது என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நீங்கள் எழுதியதில் முக்கியமான வரியே அதுதான். உங்கள் காரில், சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.


கொட்டகலை வாசி | திங்கள், மாலை 6.15

அளவுக்கம்பியில் எண்ணெய் கறுப்புத்தான், பால் நிறம் இல்லை. குமிழி முதலில் இரண்டு மூன்று வந்தது, பிறகு இல்லை. ஹோஸ் தளர்வாகவே இருந்தது. நான்கு பிளக்கும் ஒரே மாதிரி கரி பிடித்திருந்தன. மின்விசிறி சுற்றுகிறது என்று கராஜில் காட்டினார்கள்.


மூடுபனி | திங்கள், இரவு 7.50

நுவரெலியாவிலிருந்து எழுதுகிறேன். ஃபோர்மன் ஐயா, ஒரு சந்தேகம். தெர்மோஸ்டாட் என்பது தண்ணீரை மறித்து நிற்கும் கதவுதானே? கதவையே எடுத்துவிட்டால் தண்ணீர் தாராளமாக ரேடியேட்டருக்குப் போகும், என்ஜின் இன்னும் குளிராகத்தானே இருக்க வேண்டும்? காலையில் குளிர், ஏற்றத்தில் கொதிப்பு, இரண்டும் ஒரே காரணத்தால் எப்படி வரும்? என் பழைய நிசான் சன்னியிலும் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் எனக்கு விற்றார்கள்.


ஃபோர்மன் (ஓய்வு) | திங்கள், இரவு 9.30

நல்ல கேள்வி, மகள். பல டொயோட்டா என்ஜின்களில் அந்தக் கதவுக்கு இரண்டு பலகை உண்டு. ஒன்று ரேடியேட்டர் வழியை மறிக்கும். அதன் பின்னால் வால் போல நீட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு பலகை, ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே தண்ணீர் சுற்றி வரும் குறுக்கு வழியை மறிக்கும். குளிரில் ரேடியேட்டர் வழி மூடி, குறுக்கு வழி திறந்திருக்கும். சூடேறியதும் முன் பலகை திறக்கும், வால் பலகை போய்க் குறுக்கு வழியை அடைக்கும். முழுத் தண்ணீரும் அப்போதுதான் ரேடியேட்டருக்குப் போகும்.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்தால் இரண்டு வழியும் எந்நேரமும் திறந்தே கிடக்கும். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, ஒரே தண்ணீர்க் குழாய் வருகிறது. முதல் காம்பராவில் (அறையில்) குழாயை மூடாமல் விட்டால் கடைசிக் காம்பராவுக்கு என்ன வரும்? ஒழுகல்தான். காலைக் குளிரில், வெறிச்சோடிய வீதியில், அந்த ஒழுகலே என்ஜினைச் சூடாக விடாமல் செய்யப் போதும். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் கினிகத்தேனை ஏறும்போது அதே ஒழுகல் போதாது. கொதித்த தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே என்ஜினுக்குள் திரும்பி வந்துகொண்டிருக்கும். என்ஜின் கொதித்தாலும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதே என்று டொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். யார் வாசிக்கிறார்கள்?

சேரின் மற்றக் கோளாறுகளையும் இதே கயிற்றில் கட்டலாம். என்ஜின் எப்போதும் குளிர் என்று உணரி சொல்வதால் கணினி கூடுதலாகப் பெற்றோல் தெளிக்கிறது. அதனால்தான் ஒன்பது கிலோமீற்றர், கரி பிடித்த பிளக், புகைப் பரிசோதனைத் தோல்வி, வெள்ளைப் படிவு.

இரண்டாவது சந்தேகம் ரேடியேட்டர் மூடி. ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீற்றர் ஏறும்போதும் தண்ணீர் கொதிக்கும் அளவு ஒரு பாகை குறைகிறது. நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகைக்கு அருகிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத் தாமதமாவதும் இதனால்தான். நல்ல மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் மலையிலும் 115 பாகை வரை தண்ணீர் கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்த அழுத்தம் நிற்காது. சேரின் கார் காலத்து டொயோட்டாக்களில் மின்விசிறி தொடங்குவதே சுமார் 93 பாகையில். விசிறி கண் விழிக்கும்போதே தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தால் அது யாரைக் குளிர்விக்கும்?


வெள்ளவத்தைக்காரன் | திங்கள், இரவு 10.10

கொழும்பில் தெர்மோஸ்டாட் இல்லாமல் எத்தனையோ வாடகைக் கார்கள் ஓடுகின்றன. 33 பாகை வெயிலில் ஓடுபவை மலைக் குளிரில் கொதிக்குமாம். கதை நன்றாக இருக்கிறது.


ஃபோர்மன் (ஓய்வு) | செவ்வாய், காலை 6.05

தம்பி, காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளைக்கு ஏற்றம் எத்தனை மீற்றர்?


பதுளை டீசல் | செவ்வாய், காலை 8.30

என்னுடையது டவுன்ஏஸ் டீசல் வேன். காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, வெள்ளைப் புகை மட்டும் வருகிறது. இரண்டு பேர் தள்ளினால்தான் உயிர் வரும். பற்றரி புதியது. இங்கேயே கேட்கலாமா?


நெறியாளர் | செவ்வாய், காலை 9.00

தனி இழை தொடங்குங்கள். போவதற்குள், குளிர்ந்த டீசல் என்ஜினை ஸ்டார்ட் செய்யச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளைப் பாருங்கள்: வயரைக் கழற்றி, சோதனை விளக்கின் ஒரு முனையைப் பற்றரியின் நேர் முனையிலும் மறு முனையைப் பிளக்கின் தலையிலும் வையுங்கள். விளக்கு எரியாத பிளக் செத்தது. நான்கில் இரண்டு செத்திருந்தாலே நம் ஊர்க் குளிரில் தள்ளத்தான் வேண்டும்.


பதுளை டீசல் | செவ்வாய், மதியம் 1.15

மூன்று எரியவில்லை! நன்றி. தனி இழை வேண்டியதில்லை.

போகிற போக்கில் சேருக்கு ஒன்று. ஏற்றத்தில் கார் நின்றால் உயிர் போகாது, இறக்கத்தில் நிற்காவிட்டால்தான் போகும். வாங்கியதிலிருந்து பிரேக் எண்ணெயை மாற்றினீர்களா? நானுஓயா – ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பஸ் ஒன்று வேனோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி ஏழு பேர் மடிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வளைவுகளில் வேன் ஓட்டிப் பிழைப்பவன் நான். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை தாங்க வேண்டும். ஈரம் குடித்த பிறகு அதே எண்ணெய் 140இலேயே கொதிக்கலாம். ரம்பொடை இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அந்தச் சூடு எட்டாத உயரமில்லை. கொதித்ததும் குழாய்க்குள் ஆவி. மிதி பஞ்சு போல உள்ளே போகும், கார் போய்க்கொண்டிருக்கும்.

மிதி கல்லாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் அது வேறு கதை: பிரேக் பேட் சூடேறிப் பிடியை இழந்திருக்கிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது மிதி மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கினால் மிதியின் அழுத்தத்தைப் பிரேக் எண்ணெய்க்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்திருக்கிறது. மூன்றையும் ஒன்று என்று நினைத்துப் பேட்டை மட்டும் மாற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்பும் கராஜ்கள் உண்டு.

ஏறுவதற்கு எந்த கியரோ இறங்குவதற்கும் அதே கியர். 2022இல் பெற்றோல் 470 ரூபாவுக்குப் போனபோது இறக்கத்தில் என்ஜினை அணைத்துவிட்டு வரும் பழக்கம் சிலருக்குத் தொற்றிக்கொண்டது. என்ஜின் நின்றால் பிரேக்குக்குத் துணை நிற்கும் வெற்றிடமும் இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும்.


கொட்டகலை வாசி | செவ்வாய், மாலை 5.40

இப்போதுதான் பிரேக் எண்ணெய்க் குப்பியைப் பார்த்தேன். பிளேன்டீ நிறம். அதுவும் சாயம் கூடிய பிளேன்டீ. நாளைக்கே மாற்றுகிறேன், அண்ணன்.


கொட்டகலை வாசி | ஞாயிறு, மாலை 4.30

நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் தண்ணீரை வடித்துவிட்டு, கீழ் ஹோஸ் என்ஜினோடு சேரும் இடத்திலுள்ள மூடியைக் கழற்றினேன். இரண்டு நட்டு, பத்தாம் இலக்கச் சாவி. விரலை விட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. தெர்மோஸ்டாட் உட்காரும் வட்டப் பள்ளத்தில் துரு ஒரு காசு கனத்துக்கு ஏறியிருந்தது. அது அங்கே இல்லாமல் பல வருடம் ஆகியிருக்க வேண்டும். வாட்டர் பம்ப் மாற்றியவர்கள் இதைக் கழற்றித்தான் பூட்டியிருப்பார்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ரேடியேட்டர் மூடி வேறு ஏதோ வாகனத்தினது. அழுத்த அளவு அழிந்திருந்தது. உள் ரப்பரை நகத்தால் தொட்டதும் காய்ந்த தோடம்பழத் தோல் போலப் பிய்ந்து வந்தது.

அட்டனில் தெர்மோஸ்டாட் 4,800 ரூபா, மூடி 1,900. பூட்டுவதற்கு முன் சோதித்துப் பார்க்க ஆசை. பாடசாலை விஞ்ஞான ஆசிரியையிடம் வெப்பமானியை இரவல் வாங்கி, பழைய அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். 80 வரை அசைவில்லை. 82ஐத் தாண்டியதும் நடுவிலிருந்த பலகை மயிரிழை விலகியது. பிறகு நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிளந்துகொண்டு போய், 95க்குள் சின்ன விரல் நுழையும் அளவு திறந்தது. 96இல் தண்ணீர் கொதித்தது, அதற்கு மேல் வெப்பமானி நகரவே இல்லை. ஃபோர்மன் ஐயா சொன்ன கணக்கை வீட்டு அடுப்பிலேயே பார்த்தேன். அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்புக்கு இதையே செய்து காட்டப்போகிறேன்.

தெர்மோஸ்டாட்டிலுள்ள சின்ன ஆடும் ஊசி மேல் பக்கம் வரும்படி வைத்துப் பூட்டினேன், காற்று வெளியேற வேண்டுமாம். காரை மூக்கு மேலே பார்க்க வீதி ஏற்றத்தில் நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்து, கூலண்ட் கலந்த தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். (கல்லைத் திரும்ப எடுத்துவிட்டேன். நம் வீதிகளில் பாதிக் கல் இப்படி வைத்துவிட்டு மறந்து போனவைதான்.)

அட்டனுக்குப் போய் வந்தேன். முள் முதல் தடவையாகப் பாதிக்குச் சற்றுக் கீழே வந்து ஒட்டிக்கொண்டது. அடுத்த சனிக்கிழமை கித்துல்கல வரை இறங்கி ஏறப்போகிறேன்.


வெள்ளவத்தைக்காரன் | ஞாயிறு, இரவு 8.00

ஏறிக் காட்டுங்கள், பார்ப்போம்.


கொட்டகலை வாசி | சனி, இரவு 9.10

பாதி வெற்றி. நான்கு பேரோடு கினிகத்தேனை வரை முள் அசையவில்லை. ஆனால் அட்டன் நகருக்குள் நெரிசலில் பதினைந்து நிமிடம் ஊர்ந்தபோது மறுபடி ஏறத் தொடங்கியது. நகர்ந்ததும் இறங்கிவிட்டது. இம்முறை கொதிக்கவில்லை.


ஃபோர்மன் (ஓய்வு) | சனி, இரவு 10.00

வண்டி நின்றால் சூடு, ஓடினால் குளிர் என்றால் காற்றுத்தான் இல்லை. விசிறி சுற்றுகிறது என்று கராஜில் காட்டியதாக எழுதினீர்கள். ஏ.சி.யைப் போட்டுக் காட்டினார்களா?


கொட்டகலை வாசி | சனி, இரவு 10.12

ஆம்.


ஃபோர்மன் (ஓய்வு) | சனி, இரவு 10.30

என் தவறு. கேட்டதோடு விட்டுவிட்டேன், மேலே துருவியிருக்க வேண்டும். ஏ.சி. போட்டால் விசிறி அதன் கட்டளையில் சுற்றும். சூட்டுக்குச் சுற்றுகிறதா என்பது வேறு. உங்கள் காலத்து டொயோட்டாவில் ஒரு சுலபமான வழி உண்டு. ஏ.சி.யை அணைத்துவிட்டு சாவியைத் திருப்பி வையுங்கள், என்ஜின் ஓட வேண்டாம். விசிறியின் வெப்ப உணரியிலிருந்து வயரைக் கழற்றுங்கள். விசிறி உடனே சுற்ற வேண்டும். சுற்றினால் மோட்டாரும் ரிலேயும் பியூஸும் நலம், உணரி செத்துவிட்டது. சுற்றாவிட்டால் மற்ற மூன்றையும் பாருங்கள். கையை விசிறியிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.


கொட்டகலை வாசி | ஞாயிறு, காலை 7.20

வயரைக் கழற்றியதும் சுற்றியது! உணரி தேட இன்றே கம்பளைக்குப் போகிறேன்.


மூடுபனி | ஞாயிறு, காலை 9.45

சேருக்கு விடிவு வந்துவிட்டது, இப்போது என் முறை. சன்னிக்குத் தெர்மோஸ்டாட் வாங்கிவிட்டேன். அது இருக்கட்டும். மூடுபனி இறங்கும் நாட்களில் மட்டும் கார் இருமுகிறது, ஒரு சிலிண்டர் வேலை செய்யாதது போல. வெயில் வந்தால் சரியாகிவிடுகிறது. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.


ஃபோர்மன் (ஓய்வு) | ஞாயிறு, மதியம் 12.30

மாற்ற வேண்டாம், மகள். ஈரம் ஏறினால் முதலில் நொண்டுவது மின்சாரம்தான். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்டிரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, பென்சில் கோடு போல மெல்லிய கறுப்புக் கீறல் ஓடுகிறதா பாருங்கள். அது வெடிப்பு, மின்சாரம் அதன் வழியே கசியும். கீறல் இல்லையென்றால், இருட்டிய பிறகு, பனி இருக்கும்போது, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு பொனட்டைத் திறந்து என்ஜினை ஓடவிடுங்கள். எதையும் தொடாதீர்கள். சும்மா பாருங்கள்.


மூடுபனி | ஞாயிறு, இரவு 8.15

முற்றத்து விளக்கை அணைத்துவிட்டு நானும் மகனும் நின்று பார்த்தோம். மூன்றாவது பிளக் வயரிலிருந்து என்ஜின் இரும்புக்கு நீல நிறத்தில் பொறி தாவித் தாவி ஓடுகிறது, மின்மினி மாதிரி. புது வயர் நாளைக்குத்தான் வாங்க முடியும். மகன் இன்னொரு தடவை ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்கிறான்.